மூவாயிரம் படம் சேர்த்தும் ஒரு கோடு வரவில்லை

வாசகர் கேள்விக்கு உளவள ஆலோசகரின் பதில்

கொழும்பு 6 இலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. விளம்பர நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக கிராஃபிக் டிசைனர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே போஸ்டருக்குள் அடக்குவதுதான் அன்றாட வேலை. "தமிழுக்கு எப்போதும் மிச்சமிருக்கிற இடம்தான்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். வீட்டில் கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமி. பாடசாலையில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கியவர். சாவகச்சேரியில் அம்மம்மா வாழ்ந்த வீட்டைத் தொடராக வரைய வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் தொடங்கினார். நாலு படத்தோடு அது நின்றுபோனது. நாலும் வீட்டின் முன்வாசல்.

அன்றிலிருந்து "ஐடியா" தேடுகிறார். மகள் தூங்கிய பிறகு தினமும் ஒன்றரை மணித்தியாலம் இன்ஸ்டகிராமும் பின்டரெஸ்டும். சேமித்த படங்கள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. கொழும்பில் நடக்கும் கலா பொல ஓவியச் சந்தையில் இரண்டு மணித்தியாலம் சுற்றி இருநூறுக்கு மேல் படம் எடுத்தார். ஒரு வாரம் கழித்து அதில் ஒன்றைக்கூட நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை. கொப்பியைத் திறந்தால் எந்தக் கோடு போட்டாலும் யாரோ ஏற்கனவே போட்ட கோடாகத் தெரிகிறது. கணவர் கேட்கிறார்: "படம் பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

அவருடைய கேள்விகள் இவை. எனக்கிருந்த திறமை போய்விட்டதா? இது கவனக்குறைபாட்டு நோய் என்று ஒரு தோழி சொல்கிறாள், மருந்து எடுக்கலாமா? வேலையை விட்டுவிட்டு சேமலாப நிதிப் பணத்தில் ஆறு மாதம் இருந்து வரையலாமா? ஒரே ஓவியரை ஆழமாகப் பார்த்தால் அவரைத்தான் கொப்பியடிப்பேன், அது திருட்டல்லவா? நுண்கலை படிக்காத எனக்கு ஓவியக்கூடத்தில் என்ன விளங்கும்?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் பலமுறை வாசித்தேன். "எவ்வளவு பார்த்தும் போதவில்லை, இன்னும் கொஞ்சம் பார்த்தால் ஏதாவது வரும் என்றுதான் ஒவ்வொரு இரவும் நினைக்கிறேன்." இந்த நினைப்பைத்தான் முதலில் கழற்றி வைக்க வேண்டும். நீங்கள் ஏற்கனவே நிறையப் பார்த்துவிட்டீர்கள். ஆனால் எந்தப் படத்தோடும் தங்கவில்லை. தங்காத படம் உங்களுக்கு ஒன்றும் தராது, அது எவ்வளவு பெரிய கலைஞருடையதாக இருந்தாலும் சரி.

திறமை போய்விட்டதா?

போகவில்லை. நாலு படத்தை வரைந்த கை அதே கைதான். கண்ணுக்குத்தான் இந்த இரண்டு வருடத்தில் ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. பார், பிடித்தால் சேமி, அடுத்ததற்குப் போ. உங்கள் தொழிலுக்கு அது தேவை. ஒரு வாடிக்கையாளருக்குக் காலையில் பத்து மாதிரி காட்ட வேண்டியவருக்கு வேகமான கண் வேண்டும். ஆனால் அம்மம்மாவின் வீட்டை அந்தக் கண்ணால் வரைய முடியாது.

இது உங்களுக்கு மட்டும் வந்த குறையும் இல்லை. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2001 இல் வெளியான அந்த ஆய்வில் சராசரி 27 வினாடி. ஆனால் பாதிப்பேர் 17 வினாடிக்கு மேல் நிற்கவில்லை. உலகமே பார்க்க ஆசைப்படும் ஓவியங்களுக்கு முன்னாலேயே இந்தக் கதி என்றால், கைத்தொலைபேசியில் பெருவிரல் தள்ளும் வேகத்தை நீங்களே யோசியுங்கள்.

கலா பொலப் படங்கள் நினைவில் நிற்காததற்கும் ஓரளவு காரணம் தெரியும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அருங்காட்சியகப் பொருட்களைப் புகைப்படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருட்கள் குறைவாகவே நினைவில் நின்றன. கமெரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை. எந்தப் பகுதி என்று தெரிவு செய்ய அவர்கள் நின்று பார்க்க வேண்டியிருந்தது என்றுதான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

ஒரு கல்லோடு தொடங்குங்கள்

உங்களுக்கு ஓவியத்துக்கு முன் ஒரு கல்லைச் சொல்லப் போகிறேன். கடிதத்தை வாசித்து முடித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1877 இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் பாடசாலைச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். அரியாசனத்தையும் முடியையும் பார்த்துவிட்டு வரிசையாக வெளியே வந்திருப்பீர்கள். அங்கே காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடலோடி செங் ஹேயின் கப்பல்கள் இங்கே வந்துபோன காலத்தது, 1409 ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். 1911 இல் கண்டுபிடிக்கப்பட்டபோது அது ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்தது.

அதற்கு முன்னால் இருபது நிமிடம் நில்லுங்கள். என்ன நடக்கும் என்று ஓரளவு சொல்கிறேன். முதல் ஒரு நிமிடத்தில் உங்கள் தொழில் கண் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுவிடும்: உயரமான பலகைக் கல், மேலே டிராகன்கள், கீழே மங்கிய எழுத்து. மூன்றாவது நிமிடத்தில் அலுப்பு வரும். கை தானாகப் பைக்குள் தொலைபேசியைத் தேடும். "பார்த்தாச்சு, இனி என்ன?" என்று தோன்றும். வழக்கமாக நீங்கள் அடுத்த படத்துக்குப் போகும் இடம் இதுதான். இந்த முறை போகாதீர்கள்.

கொஞ்ச நேரத்தில், மூன்று மொழிகளை அடுக்கிப் பழகிய ஒருவருக்கு மட்டும் தெரியக்கூடிய ஒன்று தெரியத் தொடங்கும். சீனம் மேலிருந்து கீழே இறங்குகிறது. தமிழ் இடமிருந்து வலம் போகிறது. பாரசீகம் வலமிருந்து இடம் வருகிறது. ஒரே கல்லில் கண் மூன்று திசையில் ஓட வேண்டும். அப்படியானால் வரிகள் எங்கே முட்டுகின்றன, எங்கே ஒதுங்குகின்றன? எழுத்தின் அளவை யார் தீர்மானித்தார்? தமிழ் உளி பிடித்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா, அல்லது யாரோ எழுதிக் கொடுத்த வடிவத்தைப் பார்த்து வெட்டினாரா? தமிழ் எழுத்தில் எந்தெந்த வளைவு இன்றைய வளைவுபோல இல்லை? இதில் ஒரு கேள்விக்கும் உடனே விடை வேண்டாம். கேள்வி வந்ததே பெரிய விஷயம். இரண்டு வருடமாக உங்களிடம் வராமல் இருந்தது அதுதான்.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில், அங்கே எழுதி வைத்திருக்கும் விளக்கத்தை வாசியுங்கள். அந்த மூன்று வாசகங்களும் மூன்று பேரைப் போற்றுகின்றன. சீனம் புத்தரை, தமிழ் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தை, பாரசீகம் இஸ்லாமியரின் இறைவனை. காணிக்கைகளாகப் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் வருகிறது. ஒரு மொழிக்காரரும் இன்னொரு மொழிக்காரருக்கு எழுதியதன் மிச்சத்தை வாசிக்க வேண்டியிருக்கவில்லை. "மிச்சமிருக்கிற இடம்" என்று எழுதிய உங்களுக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் என்ன தோன்றும் என்று அறிய எனக்கு உண்மையிலேயே ஆவல்.

இதற்கும் அம்மம்மாவின் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாலு படத்தையும் நீங்கள் முன்வாசலில் நின்றே வரைந்திருக்கிறீர்கள். கல்லைப் பார்த்துவிட்டு வந்த இரவில், அந்த வீட்டுக்குள் கிணற்றடியிலிருந்து வருபவர் எந்தப் பக்கம் பார்ப்பார், குசினியில் குந்தியிருப்பவர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று ஒரு யோசனை வந்தாலும் வரும். வேறு ஏதாவது வரலாம். எதுவும் வராமல் நல்ல தூக்கம் மட்டும் வரலாம். எது வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி வகுப்பு நடத்துபவர்களிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

அலுப்புக்குப் பிறகுதான் கண் வேலை செய்கிறது என்பதற்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி தருகிறேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கலை வரலாற்றாசிரியர் ஜெனிஃபர் ரொபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணித்தியாலம் உட்காரச் சொல்கிறார். அவரும் செய்து பார்த்திருக்கிறார். அவர் எடுத்தது ஜோன் சிங்கிள்டன் கொப்லி 1765 இல் வரைந்த ஒரு சிறுவனின் படம். அவன் ஒரு பறக்கும் அணிலைச் சங்கிலியில் பிடித்திருக்கிறான். அந்தச் சிறுவனின் காதும், அணிலின் வயிற்றோரத்து மயிர் மடிப்பும் ஒரே வடிவம் என்று அவருக்குத் தெரிய ஒன்பது நிமிடம் ஆனதாம். படங்களையே தொழிலாகப் பார்ப்பவருக்கு! உங்களை மூன்று மணித்தியாலம் இருக்கச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது நடக்காத காரியம். இருபது நிமிடம் போதும், அதையே அடுத்தடுத்த வாரமும் செய்தால்.

எப்படிப் பார்ப்பது

ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு படைப்பு. வாரத்துக்கு ஒரு தடவை அதே படைப்பிடம் போங்கள். நூதனசாலை, ஓவியக்கூடம், கோயில், எதுவாக இருந்தாலும் போகுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசியைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போடுங்கள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், அனுமதி உள்ள இடத்தில், கிளம்பும்போது ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுங்கள்.

ஒரு சாதாரணக் கொப்பி கொண்டு போங்கள். நல்ல ஸ்கெட்ச் புத்தகம் வேண்டாம். நல்ல தாளைக் கண்டால் உங்களுக்கு நன்றாக வரைய வேண்டும் என்ற பயம் வந்துவிடும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. முதல் பக்கத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். "அழகு", "சோகம்" எதுவும் வேண்டாம். எத்தனை உருவம், எது எதைத் தொடுகிறது, எங்கே இருட்டு, எந்தக் கோடு தடிப்பு. பிறகு ஒரு மூலையை மட்டும், உள்ளங்கை அளவு, பென்சிலால் வரையுங்கள். கை வரையும்போது கண் தவறவிட்டதெல்லாம் பிடிபடும். விளக்கப் பலகையைக் கடைசியில்தான் வாசிக்க வேண்டும். முதலிலேயே வாசித்தால் வாசித்ததை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

அன்று இரவு, பின்டரெஸ்டுக்குப் போகும் நேரத்தில், பத்து நிமிடம் உங்கள் சொந்தப் படத்துக்கு. மோசமாக வரட்டும். இந்தப் பத்து நிமிடத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆழ்ந்து பார்ப்பதும் ஒளிந்துகொள்ளும் இடமாக மாறலாம். "இன்னும் பார்க்க வேண்டும், இன்னும் விளங்க வேண்டும்" என்று வரைவதை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை என் அறையில் சந்தித்திருக்கிறேன். பார்த்த நாளில் வரைந்தும் ஆக வேண்டும். அப்புறம், இந்தக் கொப்பியை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்டோரியில் போட்டால் அடுத்த தடவை கல்லைப் பார்க்க மாட்டீர்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது மாதத்துக்கு, உங்கள் வீட்டுத் தொடரை நினைத்து, பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்தைச் சொல்வேன். அது ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943 இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படங்கள் அங்கே வீட்டுச் சுவரில் தொங்குவதுபோலத் தொங்குகின்றன. ஐவன் பீரிஸின் படம் ஒன்றைத் தேடுங்கள். அவர் 1953 இல் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். ஆனால் தெகிவளைப் பக்கத்துக் கடற்கரையை வருடக்கணக்காக, தூரத்தில் இருந்துகொண்டே, திரும்பத் திரும்ப வரைந்தார். இப்போது கண்முன் இல்லாத ஓர் இடத்தை ஒருவர் எதை வைத்துப் பிடித்துக்கொள்கிறார், எதை விட்டுவிடுகிறார்? அம்மம்மாவின் வீட்டுக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

வெளியே போக முடியாத வாரங்களும் வரும். சேமித்த மூவாயிரத்தில் ஒன்றை மட்டும் தெரிவு செய்து, கடையில் பிரின்ட் எடுத்து, குசினிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

நுண்கலை படிக்காதது குறையா?

இந்தக் கூச்சம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. ஓவியக்கூடம் என்றால் ஆங்கிலம் பேசும் கொழும்பு 7 ஆட்களுக்கு என்ற எண்ணம். அது முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன், நீண்டகாலம் அப்படித்தான் இருந்தது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019 இல் தொடங்கிய இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கங்கள் தமிழிலும் உண்டு. அங்கே நின்று கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

உங்களிடம் ஏற்கனவே இருக்கும் படிப்பையும் குறைத்து மதிக்காதீர்கள். சைவப் பாடசாலையில் தேவாரம் பாடியதாக எழுதியிருக்கிறீர்கள். அதே தேசிய நூதனசாலையில் பொலனறுவையிலிருந்து வந்த சோழர் மரபு வெண்கலங்கள் இருக்கின்றன. நடராஜர் மட்டும் இல்லை, சைவ அடியார்களும் இருக்கிறார்கள். கையில் ஏட்டோடு நிற்பவரைப் பார்த்தவுடன் மாணிக்கவாசகர் என்று உங்களுக்குத் தெரியும். அணிகலன்களோடு மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவர் சுந்தரர் என்றும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் கலை மாணவர் இதைப் புத்தகம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். நீங்கள் நேராக அடுத்த கேள்விக்குப் போகலாம். பாடலைக் கேட்டுப் பழகிய உங்கள் காதுக்கு, அந்த உலோக உடம்பு பாடுவதுபோலத் தெரிகிறதா? தெரிந்தால் எந்த இடத்தில், கழுத்திலா, கையிலா, நிற்கும் நிலையிலா?

காசும் நேரமும் இல்லாத நாளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கோயில். கும்பிட்ட பிறகு ஒரு தூணைத் தெரிவு செய்து அதன் முன்னால் உட்காருங்கள். அங்கே உங்களை யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள், கோயிலில் சும்மா உட்கார்ந்திருப்பது எங்களுக்குப் பழக்கமான விஷயம். மகளையும் கூட்டிப் போங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் தூணில் யாளியின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார்கள்.

பார்த்தால் கொப்பியாகிவிடுமா?

நீங்கள் பயப்படுவதற்கு எதிர்ப்பக்கம்தான் ஆபத்து இருக்கிறது. மூவாயிரம் படத்தை மேலோட்டமாகப் பார்த்தவர் கையில்தான், எங்கே பார்த்தோம் என்று தெரியாமலே மற்றவர் கோடு வந்து விழும். ஒன்றை ஆழமாகப் பார்த்தவருக்கு எது அவருடையது, எது தன்னுடையது என்று தெரியும்.

வான் கோ 1889 இலும் 1890 இலும் சென் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து வரைந்தார். அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். வண்ணம் முழுக்க அவருடையதாக வந்தது. பிக்காசோ 1957 இல் பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஓர் அரண்மனை ஓவியத்தை எடுத்துக்கொண்டு சில மாதங்களில் 58 படங்கள் கொண்ட ஒரு தொடரே வரைந்தார். அவற்றைப் பார்த்து வெலாஸ்கெஸ் வரைந்தது என்று யாரும் ஏமாறமாட்டார்கள்.

சட்டம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை கலைஞரின் வாழ்நாளும் அவர் இறந்து 70 வருடமும் நீடிக்கும். உதாரணமாக, இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1993 இல் இறந்தார், ஆகவே அவருடைய படைப்புகளுக்கு 2063 வரை உரிமை உண்டு. கற்பதற்காக உங்கள் கொப்பியில், உங்களுக்காக மட்டும், பார்த்து வரைவதில் பிரச்சினை வராது. அதை விற்பது, அச்சிடுவது, அலுவலக வேலையில் சேர்ப்பது வேறு விஷயம். அதற்கு அனுமதி தேவை. ஒருவருடைய பாணியிலிருந்து கற்றுக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. விற்பனை என்று வந்தால் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

வேலையை விடுவது

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். வேலையை விட்டதும் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி எடுக்க முடியாது. பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். அதற்கு முன் என்றால் திருமணம், நிரந்தர இயலாமை, நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போவது போன்ற சில காரணங்கள் மட்டுமே. ஊழியர் நம்பிக்கை நிதியத்தை வேலை விட்டபின் கேட்கலாம், ஆனால் ஒரு தடவை எடுத்தால் ஐந்து வருடத்துக்கு மீண்டும் எடுக்க முடியாது. உங்கள் நிறுவனத்தில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், ஐந்து வருடம் முடித்தவர் என்ற வகையில் பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், உங்கள் ஒன்பது வருடத்துக்கு நாலரை மாதச் சம்பளம். முடிவெடுக்குமுன் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் போய் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை அந்த ஆறு மாதம்தான். இப்போதைய பழக்கத்தோடு வீட்டில் இருந்தால், ஒன்றரை மணித்தியாலம் பார்ப்பது ஏழு மணித்தியாலமாகும். காசு கரையக் கரைய "இன்றைக்காவது நல்ல படம் வர வேண்டும்" என்ற நெருக்கடி கூடும். முதலில் மூன்று மாதம் வேலையில் இருந்தபடியே மேலே சொன்னதைச் செய்யுங்கள். அதன் பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால், கையில் சில படங்களாவது இருக்கும், முடிவும் தெளிவாக இருக்கும். சம்பளமில்லா லீவு, வாரத்தில் ஒரு நாள் குறைத்து வேலை செய்வது பற்றி நிறுவனத்தோடு கதைத்துப் பார்க்கவும் இடம் இருக்கிறது. ஒன்பது வருட ஊழியரை இழக்க அவர்களும் யோசிப்பார்கள்.

மருந்து பற்றி

தோழி அக்கறையில் சொல்லியிருப்பார், ஆனால் இதை அவரால் தீர்மானிக்க முடியாது, கடிதத்தை வைத்து என்னாலும் முடியாது. கவனக்குறைபாட்டுக் கோளாறு பெரியவர்களிடமும் உண்டு. ஆனால் அதன் அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வேலை, வீடு என்று பல இடங்களில் தெரியவும் வேண்டும். அலுவலகத்தில் காலக்கெடுவைத் தவறவிட்டதே இல்லை என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் அந்தப் பக்கம் முதலில் போகமாட்டேன். சந்தேகம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். யாருடைய மாத்திரையையும் வாங்கிப் போடாதீர்கள்.

வேறொன்றைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். படம் மட்டும் இல்லாமல், மகளோடு விளையாடுவது, சாப்பாடு, பிடித்த பாட்டு எதிலுமே மனம் ஒட்டவில்லையா? இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டிருக்கிறதா? அப்படியிருந்தால் ஓவியத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

வீட்டுக்காரரிடம்

உங்கள் கணவரின் கேள்வி கேலியாகப் பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்தது என்ன என்று யோசியுங்கள். தினமும் இரவு மனைவி தொலைபேசி வெளிச்சத்தில் ஒன்றரை மணித்தியாலம், முகத்தில் சந்தோஷமும் இல்லை. அவர் கேட்டது அதைப் பற்றியாகவும் இருக்கலாம். கலை என்றால் என்ன என்று அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. "சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், அதற்குப் பதிலாக இரவில் ஃபோனைத் தள்ளி வைக்கிறேன்" என்று நேராகக் கேளுங்கள். இது அவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. மாமியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மகளை அவரிடம்தானே விட்டுப் போக வேண்டும். நூதனசாலைக்கு ஒரு தடவை கணவரையும் அழைக்கலாம், ஆனால் முதல் மாதம் தனியாகப் போவதுதான் நல்லது. பக்கத்தில் ஒருவர் கால் மாற்றி மாற்றி நின்றால் இருபது நிமிடம் நிற்க மாட்டீர்கள்.

அந்த மூவாயிரம் படங்களையும் அழித்துவிட வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அலுவலக வேலைக்கு அவை உதவும். அலுவலகக் கணினிக்கு மாற்றிவிட்டு, கைத்தொலைபேசியிலிருந்து அந்த இரண்டு செயலிகளையும் மூன்று மாதத்துக்கு எடுத்துவிடுங்கள். முதல் வாரம் கை பரபரக்கும், இரண்டாவது வாரத்தில் குறையும். கல்லைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வரி எழுதிப் போடுங்கள். ஐந்தாவது படம் முன்வாசலில் இல்லாமல் வந்தால் அதையும் எழுதுங்கள்.